ஒரு விரலில் இருக்கிறது மேஜர்: கிட்டாரில் ஈ கார்டு பிடிக்கக் கற்பது

கிட்டாரில் முதலில் எந்தக் கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் கூட்டு) பிடிப்பது என்று கேட்டால் பலர் சி மேஜரைச் சொல்வார்கள். கீபோர்டில் வெள்ளைக் கட்டைகளிலேயே முடிந்துவிடும் கார்டு என்பதால் வந்த பழக்கம் அது. கிட்டாரில் நிலைமை வேறு. சி மேஜருக்கு மூன்று விரல்களும் மூன்று வெவ்வேறு கட்டங்களில் (கழுத்தில் இரண்டு உலோகப் பட்டைகளுக்கு நடுவே உள்ள இடங்களில்) விரிந்து நிற்க வேண்டும். ஆறாவது கம்பியை மீட்டாமல் தவிர்க்கவும் வேண்டும். ஜி மேஜரில் விரல்கள் இரண்டு ஓரங்களுக்கும் இழுபடும். டி மேஜரில் நான்கு கம்பிகள்தான் ஒலிக்கலாம். வலக்கை பழகாதவர் மற்ற இரண்டையும் தொடாமல் மீட்டுவது கஷ்டம். ஏ மேஜரில் மூன்று விரல்களும் ஒரே கட்டத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும்.

ஈ மேஜரில் இந்தத் தொல்லைகள் இல்லை. ஆறு கம்பிகளையும் தயங்காமல் மீட்டலாம். விரல்கள் முதல் இரண்டு கட்டங்களைத் தாண்டுவதில்லை.

இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஈ மேஜரை மேஜர் ஆக்குவது ஒரே ஒரு விரல்தான்: மூன்றாவது கம்பியின் முதல் கட்டத்தில் இருக்கும் ஆள்காட்டி விரல். அதைத் தூக்கினால் கார்டு மைனர் ஆகிவிடும். மேஜர் என்றால் என்ன என்பதைக் கையும் காதும் சேர்ந்து தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிட்டாரில் இல்லை.

முதலில் ஒரே கம்பியில்

கிட்டாரை மடியில் வைத்தால் மேலே, முகத்துக்கு அருகில் இருக்கும் தடித்த கம்பி ஆறாவது. தரைப் பக்கம் இருக்கும் மெல்லிய கம்பி முதலாவது. மேலிருந்து கீழாக எண்ணப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். படத்தைப் பார்த்து விரலைத் தவறான கம்பியில் வைத்துவிட்டு 'ஏன் நன்றாக இல்லை' என்று குழம்புவது பெரும்பாலும் இதனால்தான். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள் ஃப்ரெட்டுகள். வீணையில் மெட்டு என்கிறோமே, அதே வேலைதான். இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவே உள்ள இடத்தை இங்கே கட்டம் என்று சொல்கிறோம். தலைப் பக்கத்தில், கம்பிகள் பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும் பட்டைக்கு நட் என்று பெயர். அதை ஒட்டி வருவது முதல் கட்டம்.

ஆறாவது கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டுங்கள். அடுத்து அதே கம்பியில் நான்காவது கட்டத்தை அழுத்தி மீட்டுங்கள். அடுத்து ஏழாவது கட்டம். இந்த மூன்றையும் மெதுவாக நான்கைந்து தடவை வாசித்து, கூடவே பாடுங்கள். சரளி வரிசை கற்றவர்களுக்கு உடனே பிடிபடும்: ச (ஷட்ஜம்), க (காந்தாரம்), ப (பஞ்சமம்). சரளி வரிசை பாடும் மாயாமாளவகௌளையில் வருகிற அதே அந்தர காந்தாரம்தான் இங்கே வரும் காந்தாரம். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் ஒலித்தால் அது மேஜர் கார்டு. ஆதார ஸ்வரம் ஈ என்பதால் இது ஈ மேஜர். மேற்கத்தியப் பெயர்களில் ஈ, ஜி ஷார்ப், பி.

வீட்டில் ஆர்மோனியமோ கீபோர்டோ இருந்தால் அதிலும் சரிபார்க்கலாம். எந்தக் கட்டையிலிருந்தும் தொடங்கி, கறுப்பு வெள்ளை இரண்டையும் சேர்த்து எண்ணி, நான்கு கட்டை தள்ளி ஒன்றும் அதிலிருந்து மூன்று கட்டை தள்ளி இன்னொன்றும் அழுத்தினால் மேஜர் கார்டு கிடைத்துவிடும். கிட்டாரில் ஒரு கட்டம் தள்ளுவதும் அங்கே ஒரு கட்டை தள்ளுவதும் சமம்.

இப்போது கிட்டாரில் நான்காவது கட்டத்துக்குப் பதில் மூன்றாவதை வைத்து அதே வரிசையை வாசியுங்கள். காந்தாரம் ஒரு படி இறங்கிவிட்டது. இது சாதாரண காந்தாரம், கரகரப்ரியாவில் வருவது. இந்தக் கூட்டணி மைனர். லத்தீனில் மேஜர் என்றால் பெரியது, மைனர் என்றால் சிறியது. ஆதாரத்திலிருந்து காந்தாரம் நான்கு கட்டம் தள்ளி இருந்தால் பெரிய இடைவெளி, மூன்று கட்டம் தள்ளி இருந்தால் சிறிய இடைவெளி. பெயருக்கு அவ்வளவுதான் பொருள். மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம் என்று சொல்லிக்கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அதை நம்பிக் காதைப் பழக்கவேண்டாம். துள்ளலான மைனர் பாட்டுகளும் மனம் கனக்கவைக்கும் மேஜர் பாட்டுகளும் நிறைய இருக்கின்றன. காந்தாரம் எங்கே நிற்கிறது என்று கேட்கப் பழகினால் ஒருபோதும் ஏமாறமாட்டீர்கள்.

விரல் வைப்பதற்கு முன்

சுருதி சேராத கிட்டாரில் கார்டு பிடித்துப் பழகுவதில் பயனே இல்லை. விரல் சரியாக இருந்தும் ஒலி கெட்டிருக்கும். எது தவறு என்று காதுக்குத் தெரியாது. செல்போனில் இலவச டியூனர் செயலி ஒன்று போதும். ஆறாவது கம்பியிலிருந்து முதலாவது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. அதிர்வெண்ணில் சொன்னால் 82.41, 110, 146.83, 196, 246.94, 329.63 ஹெர்ட்ஸ். சுருதி கூடிப்போனால் நேராகக் குறைத்து நிறுத்தாதீர்கள். தேவைக்கும் கீழே தளர்த்திவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டு வாருங்கள். ஏற்றி நிறுத்தும்போது டியூனிங் கீயின் பற்சக்கரம் இறுகி நிற்கும். இறக்கி நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் வழுகும். மெல்லிய முதல் கம்பியைத் திருகும்போது டியூனர் காட்டும் எழுத்தை மட்டும் பார்க்காமல் ஒலியையும் கவனியுங்கள். ஏற்கெனவே சரியான ஈ-யைத் தாண்டிவிட்டு அடுத்த ஈ-யைத் தேடி ஏற்றிக்கொண்டே போனால் கம்பி அறுந்துவிடும்.

அடுத்து, கிட்டாரே உங்களை எதிர்க்கிறதா என்று பாருங்கள். தொடக்கக்காரர்கள் தங்கள் விரலில்தான் பலமில்லை என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். பல நேரம் குற்றம் கருவியில் இருக்கிறது. மூன்றாவது கம்பியை இரண்டாவது ஃப்ரெட்டுக்கும் மூன்றாவது ஃப்ரெட்டுக்கும் நடுவே அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தக் கம்பிக்கும் முதல் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவுக்கு இருந்தால் நல்லது. தெளிவாகக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இடைவெளி இருந்தால் நட்டின் பள்ளம் போதிய ஆழத்தில் இல்லை. அப்படிப்பட்ட கிட்டாரில் முதல் கட்டத்தை அழுத்த இரட்டிப்பு பலம் வேண்டும். அழுத்தினாலும் கம்பி அதிகமாக இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். இரும்புக் கம்பி போட்ட கிட்டாரில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் ஆறாவது கம்பிக்கும் நடுவே சுமார் 2.5 மில்லிமீட்டர், முதல் கம்பிக்கு சுமார் 2 மில்லிமீட்டர் இருந்தால் வசதி. 4 மில்லிமீட்டர் என்றால் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் குறைத்துவாங்குங்கள். அதற்குள் பழக வேண்டுமென்றால் இரண்டாவது கட்டத்தில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டி, அதையே நட் என்று வைத்துக்கொண்டு பிடியுங்கள். ஒலி இரண்டு கட்டம் மேலே கேட்கும். விரல் வேலை அதேதான், அழுத்துவது எளிது.

விரல் நுனி தாங்கவில்லை என்பதற்காக ஒரு கிட்டாரின் கம்பி வகையை மாற்றிவிடக்கூடாது. இரும்புக் கம்பிக் கிட்டார் என்றால் 10-இல் (முதல் கம்பியின் தடிமன் 0.010 அங்குலம்) தொடங்கும் மெல்லிய செட் வாங்கலாம். நைலான் கம்பி வேண்டுமென்றால் அதற்கென்று செய்த கிளாசிக்கல் கிட்டார்தான் வேண்டும். கிளாசிக்கல் கிட்டாரில் இரும்புக் கம்பி போடுவது இதைவிட மோசம். நைலான் செட் மொத்தமாகச் சுமார் 40 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். இரும்புச் செட் சுமார் 70 கிலோ. அந்த இழுப்பில் பிரிட்ஜ் (கம்பிகளின் மறுமுனையைக் கிட்டாரின் உடலில் பிடித்திருக்கும் கட்டை) பெயர்ந்து வந்துவிடும்.

விரல்கள்

கைப்பிடி இல்லாத நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கிட்டாரின் இடுப்பு வளைவை வலத் தொடையில் வையுங்கள். தலைப் பக்கம் கொஞ்சம் மேலே இருக்கட்டும். இங்கே அநேகமாக எல்லாரும் ஒரு காரியம் செய்வார்கள்: விரல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கிட்டாரின் முகத்தைத் தங்கள் பக்கம் மல்லாத்துவார்கள். அந்த நொடியே இடது மணிக்கட்டு மடங்கிவிடும், விரல்கள் படுத்துவிடும். கிட்டாரை நேராக நிறுத்திக் கழுத்தை எட்டி ஒரு பார்வை பாருங்கள், போதும். இடக்கைக்காரர்கள் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றிக்கொள்ளலாம்.

இடக்கை நகங்கள் விரல் சதையைத் தாண்டி நீளக்கூடாது. நகம் பலகையில் முட்டினால் விரல் செங்குத்தாக இறங்க முடியாது. எத்தனை பயிற்சி செய்தாலும் இந்த ஒன்றைச் சரிசெய்யாமல் கார்டு தெளியாது.

கட்டைவிரல் கழுத்தின் பின்னால், நடுவிரலுக்கு நேர் எதிரே தளர்வாக இருக்கட்டும். உள்ளங்கை கழுத்தைத் தொடவேண்டாம். இனி விரல்கள்.

ஆள்காட்டி விரலை மூன்றாவது கம்பியின் முதல் கட்டத்தில் வையுங்கள். நடுவிரலை ஐந்தாவது கம்பியின் இரண்டாவது கட்டத்தில். மோதிர விரலை நான்காவது கம்பியின் இரண்டாவது கட்டத்தில். சுண்டுவிரலுக்கு வேலை இல்லை. ஆனால் அதை உள்ளங்கைக்குள் மடக்கி இறுக்காதீர்கள், பக்கத்து விரலையும் இழுத்துவிடும். முதலாவது, இரண்டாவது, ஆறாவது கம்பிகள் அழுத்தாமலே ஒலிக்கும்.

ஒவ்வொரு விரலும் தன் கட்டத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது பலத்தைவிட முக்கியம். பிரிட்ஜ் பக்கம் இருக்கும் ஃப்ரெட்டுக்குச் சற்று முன்னால், ஒட்டினாற்போல் நிற்க வேண்டும். அங்கே மெல்ல அழுத்தினாலே கம்பி ஃப்ரெட்டில் உறுதியாக உட்கார்ந்துவிடும். கட்டத்தின் நடுவிலோ பின்னாலோ அழுத்தினால் அதிக பலம் தேவைப்படும், கம்பி ஃப்ரெட்டில் சரியாகப் படியாமல் 'ஸ்ஸ்' என்று இரையும். நேராக ஃப்ரெட்டின் மேலேயே விரல் ஏறிவிட்டால் சதை ஒலியை அமுக்கிவிடும். 648 மில்லிமீட்டர் கம்பி நீளமுள்ள வழக்கமான கிட்டாரில் முதல் கட்டம் சுமார் 36 மில்லிமீட்டர் அகலம். அதில் நமக்குத் தேவை கடைசி அரை அங்குலம்தான்.

இரண்டாவது கட்டத்தில் இரண்டு விரல்கள் நிற்க வேண்டியிருக்கிறதே என்று தோன்றும். நட் பக்கத்தில் கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி சுமார் 7 மில்லிமீட்டர். விரல் நுனி அதைவிட அகலம். அதனால் இரண்டையும் ஒரே கோட்டில் வைக்க முயலாதீர்கள். மோதிர விரல் ஃப்ரெட்டை ஒட்டி நிற்கட்டும். நடுவிரல் அதற்குச் சற்றே பின்னால், சாய்வாக நிற்கலாம். ஐந்தாவது கம்பி தடித்தது. கொஞ்சம் பின்னால் இருந்தாலும் மன்னித்துவிடும்.

எவ்வளவு அழுத்துவது? விரல்களைக் கம்பியின் மேல் வெறுமனே வைத்து மூன்றாவது கம்பியை மீட்டுங்கள். 'தொப்' என்று கேட்கும். மீட்டிக்கொண்டே அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இரைச்சல் வரும், பிறகு ஒரு கணத்தில் தெளிவான ஸ்வரம் வரும். அங்கே நிறுத்துங்கள். தேவையான பலம் அவ்வளவுதான்; பலரும் அதற்கு இரண்டு மூன்று மடங்கு அழுத்துகிறார்கள். இந்தச் சோதனையை ஒவ்வொரு நாளும் முதல் இரண்டு நிமிடம் செய்வது நல்லது.

கம்பி கம்பியாகக் கேட்பது

கார்டைப் பிடித்தவுடன் ஆறையும் சேர்த்து மீட்டிவிட ஆசையாக இருக்கும். முதலில் ஒவ்வொன்றாக, ஆறாவதிலிருந்து முதலாவது வரை மெதுவாக மீட்டுங்கள். வரவேண்டிய ஸ்வரங்கள் ஈ, பி, ஈ, ஜி ஷார்ப், பி, ஈ. நம் கணக்கில் ச, ப, ச, க, ப, ச. ஷட்ஜம் மூன்று தடவை, பஞ்சமம் இரண்டு தடவை, காந்தாரம் ஒரே ஒரு தடவை. மூன்றாவது கம்பி மட்டும் ஊமையானால் கார்டில் காந்தாரமே இருக்காது. தம்புரா போல ச-ப மட்டும் முழங்கும், மேஜரா மைனரா என்று யாராலும் சொல்லமுடியாது. ஆகவே ஆறில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கவனிக்க வேண்டுமென்றால் மூன்றாவதைக் கவனியுங்கள்.

அது ஊமையாவதற்குப் பெரும்பாலும் ஆள்காட்டி விரல் காரணம் அல்ல. நான்காவது கம்பியில் இருக்கும் மோதிர விரல் படுத்து, அதன் கீழ்ச் சதை மூன்றாவது கம்பியை உரசிக்கொண்டிருக்கும். ஆள்காட்டி விரல் முதல் கட்டத்தில் அழுத்துகிறது. அதிர வேண்டிய பகுதி அங்கிருந்து பிரிட்ஜ் வரை. மோதிர விரல் இரண்டாவது கட்டத்தில் இருப்பதால் அதிரும் பகுதியைத்தான் தொடுகிறது. இலேசாகப் பட்டாலே ஒலி செத்துவிடும். மறுபக்கம் ஆள்காட்டி விரலின் மேல் விளிம்பு நான்காவது கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது. அந்தக் கம்பி இரண்டாவது கட்டத்தில் அழுத்தப்பட்டிருக்கிறது. அதற்குப் பின்னால் நட் பக்கம் இருக்கும் பகுதி அதிர்வதே இல்லை. அழுத்திய இடத்துக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே எதுவும் படக்கூடாது, பின்னால் பட்டால் பாதகமில்லை. இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் எந்தக் கார்டிலும் கோளாறை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

இரண்டாவது கம்பி அமுங்கினால் ஆள்காட்டி விரலின் சதை அதன் மேல் சாய்ந்திருக்கிறது. முதல் கம்பி அமுங்கினால் விரலைத் தேடவேண்டாம்; ஆள்காட்டி விரலின் அடிப்பக்கம், உள்ளங்கை ஓரம், கழுத்தின் விளிம்பில் ஒட்டியிருக்கும். மணிக்கட்டைச் சற்று முன்னால் தள்ளி, கட்டைவிரலைக் கழுத்தின் நடுவுக்கு இறக்கினால் இரண்டும் சரியாகும். ஆறாவது கம்பி அமுங்கினால் கட்டைவிரல் மேலே எட்டிப்பார்க்கிறதா, நடுவிரல் நுனி எல்லை மீறியிருக்கிறதா என்று பாருங்கள். நான்காவது கம்பி இரைந்தால் மோதிர விரலை நடுவிரல் பின்னுக்குத் தள்ளியிருக்கும்.

ஒரு கோளாறைச் சரிசெய்தால் இன்னொன்று முளைக்கும். முதல் வாரம் அப்படித்தான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தாமல் ஒரு நாளைக்கு ஒரு கம்பி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மீட்டும் கைக்குச் சில வார்த்தைகள். 0.6 முதல் 0.73 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) தொடக்கத்துக்கு ஏற்றது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே பிடித்து, நுனி மட்டும் கொஞ்சம் வெளியே தெரிந்தால் போதும். அதிகம் நீட்டினால் கம்பியில் சிக்கும். கையை விசிறுவது மணிக்கட்டிலிருந்து வரட்டும். ஒரு அடிக்கு நான்கு எண்ணி, நிமிடத்துக்கு 60 தட்டு என்ற வேகத்தில் கீழ்நோக்கி மட்டும் மீட்டினால் போதும். மேல்நோக்கி மீட்டுவது அடுத்த வாரம்.

மூன்றாவது கம்பி ஏன் சற்றுக் கூர்மையாகக் கேட்கிறது

நல்ல காதுள்ளவர்கள், குறிப்பாகக் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்கள், சில நாளில் ஒன்றைக் கவனிப்பார்கள். டியூனரில் ஆறு கம்பிகளும் சரியாக இருக்கும், விரலும் சரியாக இருக்கும். ஆனாலும் ஈ மேஜரில் காந்தாரம் மட்டும் கொஞ்சம் ஏறி நிற்பதுபோல் தோன்றும். தோன்றுவது உண்மைதான்.

நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாமலே அந்தர காந்தாரம் ஒலிக்கும் அல்லவா? ஒரு கம்பி அதிரும்போது அதன் அதிர்வெண்ணைப்போல் 2, 3, 4, 5 மடங்குள்ள ஒலிகளும் சேர்ந்தே எழும். ஐந்தாவது மடங்குதான் அந்தக் காந்தாரம். கிட்டாரின் ஆறாவது கம்பி 82.41 ஹெர்ட்ஸ் என்றால் அதன் ஐந்து மடங்கு ஏறக்குறைய 412. நம் ஆள்காட்டி விரல் தரும் ஜி ஷார்ப் 207.65 ஹெர்ட்ஸ், அதன் இரண்டு மடங்கு 415.3. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் விநாடிக்கு மூன்று தடவைக்குச் சற்று மேலாக அலையடிக்கும். ஆறாவதையும் மூன்றாவதையும் மட்டும் சேர்த்து மீட்டி, ஒலி அடங்கும்வரை காத்திருந்தால் அந்த 'வவ்வவ்' அலை கேட்கும்.

காரணம் கிட்டாரின் கட்டமைப்பு. எந்த ஸ்வரத்தை ஆதாரமாக வைத்தாலும் வாசிக்க முடிய வேண்டும் என்பதற்காக ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக வெட்டித்தான் ஃப்ரெட்டுகளைப் பதிக்கிறார்கள். அந்த வெட்டில் பஞ்சமம் கிட்டத்தட்டத் தப்பிவிடுகிறது. காந்தாரம் இயற்கையான இடத்தைவிட ஒரு கட்டத்தின் நூறில் 14 பங்கு மேலே போய்விடுகிறது.

இதைச் சரிசெய்கிறோம் என்று சிலர் ஈ கார்டைப் பிடித்துக்கொண்டே மூன்றாவது கம்பியைத் தளர்த்துவார்கள். ஈ மேஜர் தேன்போல் இனிக்கும். அடுத்து ஜி மேஜரையோ சி மேஜரையோ பிடித்தால் அதே மூன்றாவது கம்பி தொய்ந்து கேட்கும். ஈ மைனரில் இன்னும் மோசம்: இயற்கையான சிறிய காந்தாரம் கிட்டார் தருவதைவிட மேலே இருக்க வேண்டியது, நாம் அதை மேலும் கீழே இறக்கியிருப்போம். கம்பியை விட்டுவிடுங்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: ஏற்கெனவே ஏறியிருக்கும் ஸ்வரத்தை அதிக அழுத்தத்தால் இன்னும் ஏற்றாமல் இருப்பது. முதல் கட்டத்தில் ஓங்கி அழுத்தினாலோ கம்பியைப் பக்கவாட்டில் தள்ளினாலோ சுருதி நன்றாகவே ஏறும். டியூனரைத் திறந்துவைத்து, ஆள்காட்டி விரலை மட்டும் வைத்து மூன்றாவது கம்பியை மென்மையாக ஒரு தடவையும் பலமாக ஒரு தடவையும் அழுத்திப் பாருங்கள். முள் நகர்வது கண்ணுக்கே தெரியும்.

பழகும் விதம்

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஒரேயடியாக உட்காருவதைவிடப் பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு அல்லது மூன்று தடவை என்பது பலன் தரும். கார்டைப் பிடியுங்கள், மீட்டுங்கள், அழுத்தத்தை விடுங்கள். ஆனால் விரல்கள் கம்பியைத் தொட்டபடியே இருக்கட்டும். மறுபடி அழுத்துங்கள். இருபது தடவை. அது எளிதானதும் விரல்களைக் கம்பியிலிருந்து ஒரு அங்குலம் தூக்கி, வடிவம் கலையாமல் மூன்றையும் ஒன்றாக இறக்குங்கள். ஒவ்வொரு விரலாகத் தேடி வைக்கும் பழக்கம் வேரூன்றிவிட்டால் பிறகு கார்டு மாற்றும்போது பாட்டு நின்று நின்று போகும். முழங்கால் மேல் கிட்டார் இல்லாமல், வலது முன்கையையே கழுத்தாக நினைத்து இந்த வடிவத்தைப் பிடித்துப் பிடித்து விடலாம். பேருந்தில் கூடச் செய்யலாம்.

முதல் இரண்டு மூன்று வாரம் விரல் நுனி வலிக்கும். தோல் தடித்ததும் நின்றுவிடும். குளித்து வந்த உடனே வாசிக்கவேண்டாம். ஊறிய தோலில் கம்பி ஆழமாக வெட்டும். நுனி வலி வேறு, மணிக்கட்டிலும் முன்கையிலும் கட்டைவிரல் அடியிலும் வரும் வலி வேறு. பின்னது வந்தால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். கை இறுகியிருக்கிறது அல்லது மணிக்கட்டு மடங்கியிருக்கிறது. பொறுத்துக்கொண்டு வாசித்துப் பழக்கப்படுத்திவிடக்கூடியது அல்ல அது. கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்துவையுங்கள். வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்தால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். சொரசொரத்த கம்பி புது விரலைக் கிழித்துவிடும்.

இந்த வடிவம் எங்கே போகிறது

ஆறு கம்பிகளும் தெளிந்ததும் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கி மீட்டுங்கள். ஈ மைனர். திரும்ப வையுங்கள், மேஜர். முதலில் ஆறாவது கம்பியில் கேட்ட அந்த ஒரு படி வித்தியாசம் இங்கே முழுக் கார்டையும் மாற்றுகிறது.

அடுத்து, மூன்று விரல்களையும் வடிவம் மாறாமல் ஒரு கம்பி கீழே இறக்குங்கள். ஆள்காட்டி இரண்டாவது கம்பியில், நடுவிரல் நான்காவதில், மோதிர விரல் மூன்றாவதில். ஆறாவதை விட்டு ஐந்தாவதிலிருந்து மீட்டினால் அது ஏ மைனர். மேஜர் வடிவத்தையே நகர்த்தியிருக்க, மைனர் எங்கிருந்து வந்தது? மற்ற அடுத்தடுத்த கம்பிகள் எல்லாம் ஐந்து கட்ட இடைவெளியில் சுருதி சேர்ந்திருக்க, மூன்றாவதுக்கும் இரண்டாவதுக்கும் மட்டும் நான்கு கட்டம்தான். அந்தக் குறைந்த ஒரு கட்டம் காந்தாரத்தை ஒரு படி இறக்கிவிட்டது. கார்டு என்பது விரல்களின் படம் அல்ல, ஸ்வரங்களின் கூட்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பயிற்சி கிடையாது.

அதன் பிறகு ஈ மேஜரிலிருந்து ஏ மேஜருக்கு மாறிப் பழகுங்கள். ஏ மேஜரில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கம்பிகள் மூன்றும் இரண்டாவது கட்டத்தில். இதைப் பல விதமாகப் பிடிக்கலாம். ஈ-யிலிருந்து வருபவர்களுக்கு நடுவிரல் நான்காவது கம்பியில், ஆள்காட்டி மூன்றாவதில், மோதிர விரல் இரண்டாவதில் என்பது நல்லது. ஏனென்றால் ஆள்காட்டி விரல் மூன்றாவது கம்பியைவிட்டு எழவே தேவையில்லை. அழுத்தத்தை மட்டும் தளர்த்தி, கம்பியின் மேலேயே முதல் கட்டத்திலிருந்து இரண்டாவது கட்டத்துக்கு வழுக்குங்கள். மற்ற இரண்டு விரல்களும் அதைச் சுற்றி வந்து இறங்கட்டும். ஜி ஷார்ப் ஏ ஆகிறது. காந்தாரம் ஒரு படி ஏறி மத்யமத்தில் நிற்கிறது. ஈ மேஜரில் காந்தாரத்தைத் தாங்கிய அதே விரல் இப்போது புதிய கார்டின் ஷட்ஜத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும்.